சிபாப் மெஷினோடு தூங்கப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர் சொல்லி சிபாப் மெஷின் வாங்கியவர்களில் பலர், கொஞ்ச நாளிலேயே அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். "எனக்கு இது ஒத்துவரல" என்பார்கள். துருவிக் கேட்டால், ஒத்துவராதது மெஷினாக இருக்காது. மூக்குக்குப் பொருந்தாத மாஸ்க், அளவுக்கு மேல் இறுக்கிய பட்டை, காய்ந்துபோன தொண்டை என்று ஏதோ ஒன்று இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. சரிசெய்யாமலே கைவிடுவதுதான் முதல் தவறு.

மெஷின் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி சிக்கல் தீரும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மூச்சு 10 விநாடியாவது நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்பார்கள். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ என்றால் தீவிர நிலை. சிபாப் ஆக்சிஜன் கொடுக்கும் கருவி அல்ல. அறையில் இருக்கும் காற்றையே டியூப், மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் 1981-ல் இந்தச் சிகிச்சையை வெளியிட்டார்கள். அடிப்படை இன்றும் அதேதான். மாஸ்க் முகத்தில் இருக்கும்வரைதான் இதற்குப் பலன். கழற்றியதும் தொண்டை பழையபடி அடைபடும்.

மாஸ்க்கைத்தான் இங்கே விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலரும் தோற்பது இங்கேதான். காற்று கசிகிறதா? உடனே பட்டையை இழுத்து இறுக்குகிறோம். இன்னும் கசிகிறதா? இன்னும் இறுக்குகிறோம். காலையில் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகியிருக்கும், கசிவு மட்டும் நிற்காது. மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிகான் விளிம்பு காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்டுகிறது. இறுக்கி நசுக்கினால் அதற்கு உப்ப இடமில்லை, மடிந்துபோய்க் கசிகிறது.

இன்னொரு தவறு, உட்கார்ந்துகொண்டு கண்ணாடி பார்த்து மாஸ்க்கைப் பொருத்துவது. படுத்ததும் கன்னமும் தாடையும் இடம் மாறும், பொருத்தம் போய்விடும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, பட்டைகளைத் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, விளிம்பில் காற்று நிறைந்ததும் மெதுவாக உட்காரவிடுங்கள். அப்புறம் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள். வலதும் இடதும் புரண்டு படுத்துப் பாருங்கள். படுப்பதற்கு முன் முகம் கழுவுங்கள், எண்ணெயும் கிரீமும் இருந்தால் விளிம்பு வழுக்கும். இத்தனையும் செய்து கசிந்தால் உங்களுக்கு வேறு அளவோ வேறு வகையோ வேண்டும். நாசித் துவாரத்தில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று வகைகள் உண்டு. முதலில் கொடுத்த மாஸ்க்கோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று நினைக்காதீர்கள், மாற்றிக் கேளுங்கள்.

முகத்தை மூடினாலே பதற்றம் வருபவர்களும் உண்டு. அவர்கள் முதல் தடவையாக மாஸ்க் போடும் நேரம் தூங்கப் போகும் நேரமாக இருக்கக் கூடாது. பகலில் டிவி பார்க்கும்போது டியூப் மாட்டாமல் மாஸ்க்கை மட்டும் கொஞ்ச நேரம் கையால் பிடித்துப் பழகுங்கள். பிறகு பட்டையோடு, பிறகு காற்றோடு. இந்தப் பதற்றம் பலவீனம் அல்ல, பழக்கத்தில் தணியக்கூடியது.

"மூச்சு முட்டுது" என்றால் அழுத்தம் அதிகம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். சிலருக்கு நேர்மாறாக இருக்கும். பல மெஷின்களில் ராம்ப் என்ற வசதி குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும். தொடக்கம் 4 அளவில் (அழுத்தத்தைச் சொல்லும் செ.மீ. நீர் அலகில்) இருந்தால் காற்று போதவில்லை என்ற உணர்வு வரலாம். தொடக்க அளவைக் கொஞ்சம் கூட்டினாலே சரியாகிவிடும். அதை டாக்டரிடமோ டெக்னீஷியனிடமோ சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கான அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள், இன்னொருவருக்கு அமைத்த மெஷினை வாங்கி அப்படியே போடாதீர்கள். காற்றை விழுங்கி வயிறு உப்பினாலும் இதே பேச்சுதான், அவர்களிடம் சொல்லுங்கள்.

காலையில் வாய் காய்ந்திருந்தால் தூக்கத்தில் வாய் திறந்து காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். மூக்கடைப்பு இருந்தால் வாய் தானாகவே திறக்கும், எனவே முதலில் மூக்கைப் பாருங்கள். தொட்டித் தண்ணீரால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி கூட்டினால் பலருக்கு இரண்டும் குறையும். டியூபில் தண்ணீர் கோத்து முகத்தில் தெறித்தால் ஒரு படி குறைக்கலாம், மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைக்கலாம். வாய்க்கு டேப் ஒட்டுவதை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ ஆபத்து.

நடுராத்திரியில் விழிப்பு வந்ததும் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவது பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தவறு. "நாலு மணி நேரம் போட்டேனே, போதும்" என்கிறார்கள். கனவுகள் நிறைந்த தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம் வரும். அப்போதுதான் தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும், பலருக்கு மூச்சு அதிகம் தடைபடுவதும் அப்போதுதான். சிகிச்சை அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் போகிறது. விழித்தால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். பகல் தூக்கத்துக்கும் இதே விதி. கழற்றத் தூண்டியது வலியா, கசிவா, வறட்சியா என்று காலையில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது "பிடிக்கல" என்பதைவிட அந்த வரி ஆயிரம் மடங்கு பயன்படும்.

சுத்தம் செய்வது எளிது. மாஸ்க்கின் விளிம்பை தினமும், டியூபையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். தொட்டியில் பழைய தண்ணீரை விட்டுவைக்காமல் தினமும் புது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். பிளீச் வேண்டாம். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவிகளும் வேண்டாம், அவற்றைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் எச்சரித்திருக்கிறது.

மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடியவை. மெஷின் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்க ஒழுங்காகப் போட்டும் பகலில் கண் சொக்கினால், மெஷின் பதிவுசெய்த கணக்கோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள். கசிவு எவ்வளவு, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சொக்கல் தீரும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.