பழைய பாட்டில், டப்பா, வாளி: அவசர காலத்துக்கு வீட்டிலேயே தயாராவது எப்படி?

வெள்ளம், புயல், நிலநடுக்கம், நாள்கணக்கில் மின்தடை என்று எது வந்தாலும் குறைந்தது மூன்று நாள் வெளியுதவி இல்லாமல் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்பதுதான் பேரிடர் மேலாண்மைத் துறையினர் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. உடனே கடைக்குப் போய் நீர்த்தொட்டி, நீர் புகாத பெட்டி, சிறப்பு விளக்கு என்று வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. குப்பைக்குப் போகவிருக்கும் பாட்டிலும் டப்பாவும் இந்த வேலைகளில் பலவற்றைச் செய்யும்.

ஒரே ஒரு விதி உண்டு. ஒரு டப்பாவில் முன்பு என்ன இருந்தது என்பதுதான், இனி அதில் என்ன வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, நாற்றம் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது.

படி 1: எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பிரியுங்கள்

வீட்டில் சேர்ந்திருக்கும் காலி டப்பாக்களை ஒரே இடத்தில் கொட்டுங்கள். நான்கு கூறாகப் பிரிக்க வேண்டும்.

முதல் கூறு, தண்ணீர், சோடா, குளிர்பானம் வந்த தெளிவான பிளாஸ்டிக் பாட்டில்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். பெட் எனப்படும் பிளாஸ்டிக் அது. குடிநீருக்கு இவை மட்டும்தான்.

இரண்டாவது, பால், பழச்சாறு, எண்ணெய் இருந்தவை. பாலின் புரதமும் கொழுப்பும், பழச்சாற்றின் சர்க்கரையும் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. மிச்சம் இருப்பதில் பாக்டீரியா வளரும். இவற்றில் குடிநீர் வேண்டாம், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். கீழே வேலை இருக்கிறது.

மூன்றாவது, துணி துவைக்கும் திரவம், பாத்திரம் கழுவும் திரவம் போன்ற சோப்பு வகைகள் இருந்தவை. கழுவல் வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, பூச்சிமருந்து, அமிலம், எஞ்சின் ஆயில், பெயிண்ட் தின்னர் இருந்தவை. இவற்றுக்கு மறுவாழ்வே கிடையாது. யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

இதே விதியைத் திருப்பிப் போட்டும் படிக்க வேண்டும். மண்ணெண்ணெய், பிளீச், பூச்சிமருந்து எதையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. இருட்டில், அவசரத்தில், தாகத்தில் இருப்பவர் கைக்கு அதுதான் முதலில் கிடைக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

படி 2: எத்தனை பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

குடிக்க, சமைக்க, அத்தியாவசியச் சுத்தத்துக்கு என்று ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். மூன்று நாளைக்கு 12 லிட்டர். அதாவது ஆளுக்கு ஆறு 2 லிட்டர் பாட்டில்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 24 பாட்டில். வெயில் கடுமையாக இருந்தாலோ, வீட்டில் நோயாளியோ பாலூட்டும் தாயோ இருந்தாலோ கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே பெரிய டிரம்மில் பிடித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எனக்குச் சின்ன பாட்டில்தான் பிடிக்கும். டிரம்மில் அழுக்குக் கை ஒரு தடவை பட்டால் மொத்தத் தண்ணீரும் சந்தேகம். பாட்டிலில் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். இன்னொன்று, 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 50 லிட்டர் டிரம்மை யாரும் மாடிக்குத் தூக்க முடியாது. 2 கிலோ பாட்டிலைப் பள்ளி செல்லும் பிள்ளைகூடத் தூக்கிக்கொண்டு ஓடும்.

படி 3: கழுவி, கிருமி நீக்கி, நிரப்புங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரம் வேண்டாம்.

முதலில் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கிக் கழுவுங்கள். மூடியை மறந்துவிடாதீர்கள். பழைய பானம் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மூடியின் புரிகளில்தான். சோப்பு வாடை போகும்வரை அலசுங்கள்.

அடுத்து, 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன், அதாவது 5 மில்லி, வாசனையோ நிறமோ சேர்க்காத திரவ பிளீச்சைக் கலக்குங்கள். இங்கே சொல்வது 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள திரவம். பிளீச்சிங் பவுடரின் வீரியம் வேறு, அதற்கு இந்த அளவு பொருந்தாது. கலவையைப் பாட்டிலில் ஊற்றி, உட்புறம் எல்லா இடமும் நனையும்படி குலுக்கி, 30 வினாடியாவது விட்டுக் கொட்டுங்கள். அதே கலவையை அடுத்த பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டே போகலாம். மூடிகளையும் அதில் முக்கி எடுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள்.

இனி நிரப்பலாம். குழாயில் வருவது குளோரின் சேர்த்துச் சுத்திகரித்த நீர் என்றால் அப்படியே பிடியுங்கள். கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், அது தெளிவாக இருக்கும் பட்சத்தில், லிட்டருக்கு 2 சொட்டு அதே பிளீச்சை விட்டு 30 நிமிடம் வையுங்கள். லேசான குளோரின் வாடை வந்தால் சரி. ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் நிரப்பலாம். 2000 மீட்டருக்கு மேல் உயரமான ஊர் என்றால் 3 நிமிடம் கொதிக்க வேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும்.

மூடும்போது மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பெட்ரோல், பூச்சிமருந்து வைத்திருக்கும் அறை வேண்டாம், அந்த ஆவி நாளடைவில் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகும்.

படி 4: இரண்டு பாட்டில் ஃப்ரீசருக்கு

ஃப்ரீசரில் இடம் காலியாக இருந்தால் அங்கே தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். கழுத்துவரை நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். 2 லிட்டர் பாட்டிலில் கால் லிட்டர் அளவுக்கு இடம் விட்டால் வெடிக்காது.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காத வரை, நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும். பாதி காலியானது 24 மணி நேரம். கீழே உள்ள ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். குளிரிலேயே வைக்க வேண்டிய மருந்து வீட்டில் இருந்தால் இந்தப் படி உங்களுக்கு மிக முக்கியம். ஆனால் இன்சுலின் போன்றவற்றைப் பனிக்கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்தால் அது வீண். இடையில் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். பனி உருகினால் குடிக்கவும் ஆகும்.

படி 5: நனையக் கூடாதவை

அடையாள அட்டை நகல், பணம், தீப்பெட்டி, பேட்டரி, முதலுதவிப் பொருள்கள். இவற்றுக்கு வாய் அகலமான, திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் ஜாடி போல வசதியானது வேறில்லை. அழகான தகர டின்னை நம்பாதீர்கள். அழுத்தி மூடும் மூடி வழியாகத் தண்ணீர் எளிதில் புகும், அப்புறம் துருவும் பிடிக்கும். கண்ணாடி ஜாடி நீர் புகாது, ஆனால் கீழே விழுந்தால் உடையும், வெறுங்காலோடு இருட்டில் நடக்கும் நேரத்தில் அது இன்னொரு தொல்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. உலர்ந்த காகிதம் ஒன்றை உள்ளே போட்டு மூடி, ஒரு வாளித் தண்ணீரில் ஜாடியை அமிழ்த்தி, மேலே கல்லை வையுங்கள். அரை மணி கழித்து எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். காகிதம் காய்ந்திருந்தால் ஜாடி தேறிவிட்டது.

மாத்திரை வந்த சிறு டப்பாக்கள் தீக்குச்சிக்கு ஏற்றவை. குச்சியோடு, தீப்பெட்டியின் உரசும் பட்டையையும் வெட்டித் தனியே பாலிதீனில் சுற்றி வையுங்கள். அது இல்லாவிட்டால் குச்சி பற்றாது. மாத்திரைகளை மட்டும் அட்டையிலிருந்து பிரித்து இதில் கொட்ட வேண்டாம், பெயரும் காலாவதித் தேதியும் அட்டையோடு போய்விடும்.

படி 6: ஒதுக்கிய டப்பாக்களுக்கு வேலை

குடிநீருக்கு ஆகாது என்று தள்ளிய வெண்மையான பால் கேன் நினைவிருக்கிறதா? அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, தலையில் மாட்டும் டார்ச் விளக்கை ஒளி உள்நோக்கி விழும்படி அதன்மேல் கட்டுங்கள். கண்ணைக் கூசாத வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். செல்போன் டார்ச்சின் மேல் தெளிவான பாட்டிலை நிறுத்தினாலும் ஓரளவு நடக்கும். மெழுகுவர்த்தியைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

சோப்புத் திரவ பாட்டில் கை கழுவும் குழாயாகும். அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரே ஒரு சிறு துளை போட்டு நிரப்புங்கள். மூடியை இறுக்கினால் நீர் நிற்கும், தளர்த்தினால் ஒழுகும். மேலிருந்து காற்று புக வழியில்லாதபோது வெளிக்காற்றின் அழுத்தம் நீரைத் துளையிலேயே தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு கோப்பைத் தண்ணீரில் பலர் கை கழுவிவிடலாம்.

படி 7: கழிப்பறை வாளி

இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். 2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கியபோது கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, ஏராளமான வீடுகளில் கழிப்பறை இயங்கவில்லை. இறுக்கமான மூடி உள்ள இரண்டு பெரிய வாளிகள் இருந்தால் போதும். ஒன்று சிறுநீருக்கு, மற்றது மலத்துக்கு. இரண்டும் கலந்தால்தான் நாற்றமும் எடையும் கூடும்.

இரண்டாவது வாளியில் கனமான பாலிதீன் பையை விரித்து, ஒவ்வொரு முறையும் மேலே மரத்தூள், சாம்பல், காய்ந்த மண், கிழித்த காகிதம் ஏதாவது ஒன்றை மூடும் அளவுக்குத் தூவி, மூடியை அழுத்துங்கள். புதைக்க நேர்ந்தால் கிணறு, ஓடை எதிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி. இந்த வாளிகள் திரும்ப வேறு எந்த வேலைக்கும் வரக் கூடாது.

படி 8: எழுதி ஒட்டுங்கள்

ஒவ்வொன்றின் மேலும் அழியாத மார்க்கர் பேனாவால் உள்ளே என்ன, என்று நிரப்பியது என்று எழுதுங்கள். கழுவல் நீர் பாட்டில்களில் "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக. பழைய லேபிளைக் கிழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதை நம்புவது என்று குழப்பம் வரும்.

வெள்ளம் வரக்கூடிய வீடு என்றால் பொருள்கள் மேல் அலமாரியில், நிலநடுக்கப் பகுதி என்றால் கனமான பாட்டில்கள் தரையோடு. குடிநீரை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாட்டில் கீறியிருந்தாலோ மங்கியிருந்தாலோ கழுவல் நீர் வரிசைக்குத் தள்ளி, அதன் இடத்துக்குப் புதிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.