கடலில் மூழ்கிய அவுட்போர்டு இன்ஜின்: பிளைவீல் சுற்றவில்லையென்றால் கீழிருந்து தொடங்குங்கள்

ஐப்பசி மழையில் ஓரிரவு எங்கள் பைபர் படகு கவிழ்ந்தது. விடிந்ததும் படகின் பின்புறம் மாட்டியிருந்த அவுட்போர்டு இன்ஜினை மீட்டோம். 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக்.

1. உப்புநீரிலிருந்து எடுத்த இன்ஜினுக்குக் காற்றுதான் எதிரி. சில மணி நேரத்தில் பேரிங்குகளில் துரு ஏறிவிடும். அன்றே பிரிக்க முடியாவிட்டால், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

2. நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். துளைகள் தரையைப் பார்க்கும்படி சாய்த்து நீரை வடியுங்கள். கார்புரேட்டரையும் டேங்கையும் காலி செய்யுங்கள். சிலிண்டர்களில் டூ ஸ்ட்ரோக் ஆயில் விடுங்கள்.

3. இன்ஜினின் உச்சியில் இருக்கும் சக்கரமான பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கிய இன்ஜின் என்றால், பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கவும் கூடும்.

என்னுடையது அசையவே இல்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று நானே தீர்ப்பெழுதி, சிலிண்டர் ஹெட்டைத் திறக்கப்போய் ஒரு போல்ட்டையும் முறித்தேன். உள்ளே சிலிண்டர் சுவர் பளபளவென்று இருந்தது! இரண்டு நாள் வீண். பக்கத்துப் படகுக்கு வேலை பார்க்க வந்த வயதான மெக்கானிக் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, கீழ்ப்பெட்டியைக் கழற்றிப் பார்த்தாயா?"

கீழ்ப்பெட்டி என்பது இன்ஜினின் அடியில் கியர்களும் புரொப்பெல்லரும் இருக்கும் பகுதி. கியர் நியூட்ரலில்தானே இருக்கிறது, கீழே உள்ளது எப்படித் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. நியூட்ரலில் விடுபடுவது புரொப்பெல்லர் மட்டும். கிராங்கிலிருந்து இறங்கும் நெட்டு ஷாஃப்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும், ஷாஃப்டின் அடியில் உள்ள சிறிய பல்சக்கரமான பினியன் கியரையும் எப்போதும் சேர்த்தே சுற்றுகிறது. கீழே ஒரு பேரிங் இறுகினால் மேலே பிளைவீல் நிற்கும்.

4. அதனால் முதலில் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். எனக்குப் பால் தேநீர் போல வந்தது. அதாவது உள்ளே தண்ணீர். பிறகு கியர் ராடு இணைப்பை விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றி, கீழ்ப்பெட்டியை இறக்குங்கள். என் பிளைவீல் அந்த நொடியே ஒரு விரலுக்குச் சுற்றியது.

பெட்டிக்குள் பினியன் பேரிங் துருவில் கட்டியாகக் கிடந்தது. ஓரிரவில் ஏறிய துரு அல்ல அது. புரொப்பெல்லருக்குப் பின்னால் தங்கூஸ் நூல் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீலை எப்போதோ அறுத்திருக்கிறது. பழியை மழைமேல் போட்டிருந்தேன்.

5. பேரிங், சீல்கள், தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறியான இம்பெல்லர் மூன்றையும் மாற்றினேன். புது கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள். மேல் துளையில் வழிந்ததும் மேலே மூடிவிட்டுக் கீழே மூடுங்கள்.

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆறு முனை சாக்கெட்டைத் தவிர வேறு எதையும் உப்பேறிய போல்ட்டில் வைக்க மாட்டேன். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். திருகும் முன் சூடு காட்டுங்கள். அந்த முறிந்த போல்ட் கற்றுக்கொடுத்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு இன்ஜின் ஓடியது, ஆனால் பின்பக்கத் துளையில் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சவில்லை. மாட்டும்போது, இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சிறு துண்டான கீ நழுவி விழுந்திருக்கிறது. கீயில் கிரீஸ் தடவி ஷாஃப்டில் ஒட்டவைத்துவிட்டு இம்பெல்லரை இறக்குங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள்.