கூட்டுறவு கேலரியில் முதல் தனிக் கண்காட்சி: தேதி பிடிப்பதிலிருந்து ஆணி பிடுங்குவது வரை

"தனியா ஒரு ஷோ வைக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் ரசமட்டம் இருக்கிறதா என்பதுதான். கொத்தனார் வைத்திருப்பாரே, நடுவில் ஒரு குமிழி ஓடுமே, அதேதான். கிண்டல் இல்லை. கூட்டுறவு கேலரியில் கண்காட்சி வைப்பதென்றால் படத்தை மாட்டுவது, விலைப்பட்டியல் அடிப்பது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி வைப்பது, கடைசி நாள் ஆணியைப் பிடுங்கி ஓட்டையைப் பட்டி வைத்து அடைப்பது எல்லாமே நம் வேலை. தனியார் கேலரியில் இதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டு விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பெயர் தெரியாத ஆளை அவர்கள் கூப்பிடப் போவதில்லை என்பதால் அந்தக் கவலை நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கூட்டுறவு என்றால் ஓவியர்களே சேர்ந்து இடத்தை நடத்துவது. சென்னைக்காரர்களுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1966-இல், அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து இஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியத்தை மட்டும் நம்பினால் சோறு வராது என்று பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். அங்கே உள்ள கண்காட்சிக் கூடங்களை வெளி ஓவியர்களும் வாடகைக்கு எடுக்கலாம். இப்படிப் பெரிய பெயர் உள்ள இடமாக இருந்தாலும் சரி, பத்துப் பேர் சேர்ந்து வாடகை கட்டி நடத்தும் ஒற்றை அறையாக இருந்தாலும் சரி, கீழே சொல்லும் வேலைகளில் பெரிய மாற்றம் இருக்காது.

முதலில் தேதி, ஆறு மாதம் முன்னால்

தேதி கேட்கப் போகும்போதே ஐந்து விஷயங்களை எழுதி வாங்கிவிடுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் திரும்ப வருமா, விற்பனையில் எத்தனை சதவீதம் கேலரிக்கு, மாட்டுவதற்கு முந்தைய நாளே சாவி கிடைக்குமா, நாள் முழுக்க யார் உட்கார வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் உறுப்பினர்கள் முறை வைத்து உட்காருவார்கள், சில இடங்களில் பத்து நாளும் நீங்களேதான். வேலைக்குப் போகிற ஆளாக இருந்தால் லீவு கணக்கை இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அக்டோபர் பாதி முதல் நவம்பர் முடியும்வரை மழையை நம்ப முடியாது. மார்ச் பரீட்சை மாதம், மே வெயிலில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் யாரும் வரமாட்டார்கள். மார்கழி நல்லது. சபாக் கச்சேரிக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் பகலில் போக இடம் தேடுவார்கள். ஆனால் அந்தத் தேதிகளுக்குப் போட்டியும் அதிகம். தேதி முடிவானதும் ஒரு தினசரிக் காலண்டரைப் பாருங்கள். நான் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குத் திறப்பு வைத்தேன். அது முகூர்த்த நாள், பாதி சொந்தக்காரர்கள் ரிசப்ஷனுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்பதால் விளக்கேற்ற ஒப்புக்கொண்ட பெரியவர் கேலரிக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு 6 மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, சரி, விளக்கேற்றுகிறவருக்கு இருக்கிறதே. சனிக்கிழமை மாலை வைத்தால் இந்த ராகு கால வம்பே கிடையாது.

சுவரை அளந்துவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாற்பது படம் வரைந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எப்படியாவது ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். இன்ச் டேப்போடு போய் ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போர்டு, ஜன்னல், ஏ.சி. எங்கே இருக்கிறது, ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்பதெல்லாம் உட்பட.

கணக்கு சுலபம். 20 அடிச் சுவர் என்றால் 240 அங்குலம். 24 அங்குல அகலப் படங்கள் ஐந்து மாட்டினால் படங்களுக்கே 120 போய்விடும். மீதி 120 அங்குலத்தை, இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஆறு இடைவெளிகளாகப் பிரித்தால் இடைவெளிக்கு 20 அங்குலம். இது மூச்சுவிடும் இடைவெளி. ஏழு படம் மாட்ட நினைத்தால் இடைவெளி 9 அங்குலமாகச் சுருங்கிவிடும், பார்ப்பவருக்கு ஃப்ரேம் கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். அதனால் நான்கு சுவருக்கும் சேர்த்து இருபது படம் போதும். எதை விடுவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், கறாராகப் பேசும் ஒரு நண்பரைக் கூப்பிட்டுத் தரையில் பரப்பிவைத்து எடுக்கச் சொல்லுங்கள். நாம் ரொம்பக் கஷ்டப்பட்டு வரைந்த படத்தின் மேல் நமக்கு ஒரு பாசம் இருக்கும், அந்தக் கஷ்டம் சுவரில் தெரியாது.

ஃப்ரேம், பேக்கிங்

கண்ணாடி போடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். போட்ட பிறகு எடுத்தால் படத்தில் உங்கள் முகமும் ட்யூப்லைட்டும்தான் விழும். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத வராண்டாவில், படத்தின் நடுவுக்கு நேராகக் கேமராவை வைத்து எடுத்தால் போதும்.

காகிதத்தில் வரைந்த படம் என்றால் படத்தைச் சுற்றி வைக்க அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு அட்டை கேளுங்கள், படம் கண்ணாடியை நேராகத் தொடக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பூஞ்சைப் புள்ளி வரும். ஃப்ரேம் கடையில் சொல்லும் தேதியோடு பத்து நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு முறை எனக்குத் திறப்புக்கு முந்தைய இரவு 11 மணிக்கு, வார்னிஷ் காயாத ஒன்பது ஃப்ரேம்கள் வந்து சேர்ந்தன. மாட்டும்போது பதிந்த கட்டைவிரல் ரேகை இன்னும் ஒன்றில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் நான் ஒரு படத்தை இழந்திருக்கிறேன். அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். பபிள் ஷீட்டை நேராகக் கேன்வாஸ் மேல் சுற்றி, மத்தியான வெயிலில் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போய்ப் பிரித்துப் பார்த்தால், நீல வானம் முழுக்க வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். அம்மை போட்ட வானம். துடைத்தாலும் போகாது. முதலில் வழவழப்பான கிளாசின் காகிதம், அதன் மேல்தான் பபிள் ஷீட், அதுவும் குமிழிகள் வெளிப்பக்கம் பார்த்தபடி. வண்டியில் படங்களைப் படுக்கவைக்காதீர்கள், முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று நிறுத்திவைத்து நடுவில் அட்டை கொடுங்கள்.

விலை

இங்கேதான் எல்லோருக்கும் கூச்சம். ஒரு வழி, சதுர அங்குலக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24-க்கு 36 படம் 864 சதுர அங்குலம், 17,280 ரூபாய். ஃப்ரேம் செலவு 2,500 சேர்த்தால் 19,780, அதை 20,000 என்று வைப்பீர்கள். கேலரிக்கு 20 சதவீதம் என்றால் 4,000 போய் கைக்கு 16,000, அதில் ஃப்ரேமைக் கழித்தால் 13,500. கேன்வாஸும் வண்ணமும் இன்னும் கழிக்கவில்லை. ஃப்ரேமுக்கும் சேர்த்துத்தான் கமிஷன் போகிறது என்பதைக் கவனித்தீர்களா? முதல் தடவை நான் கவனிக்கவில்லை.

இந்தக் கணக்கில் 8-க்கு 10 படம் 1,600 ரூபாய்தான் வரும், அது ரொம்பக் குறைச்சல். அதனால் சிலர் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்த அங்குலத்துக்கு ஒரு விலை வைக்கிறார்கள். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே அளவு, ஒரே ஊடகம் (அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் மாதிரி) உள்ள இரண்டு படத்துக்கு இரண்டு விலை வைக்காதீர்கள். "இது எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், அதான்" என்றால் வாங்க வந்தவர் மற்றதெல்லாம் உங்களுக்கே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். ரொம்பப் பிடித்திருந்தால் விற்பனைக்கு அல்ல என்று எழுதிவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடுவது

ஒரு மாதம் முன்பு தேதியை மட்டும் சொல்லிவையுங்கள். இரண்டு வாரம் முன்பு அழைப்பிதழ், முந்தைய நாள் ஒரு நினைவூட்டல். அழைப்பிதழில் ஒரே ஒரு படம், பெரிதாக. ஒன்பது படத்தைச் சின்னதாக நெருக்கிப் போட்டால் போனில் ஒன்றுமே தெரியாது. கிழமை, நேரம், எத்தனை நாள், வண்டி நிறுத்த இடம் உண்டா, ஆட்டோக்காரரிடம் சொல்லக்கூடிய அடையாளம். "ஈ.சி.ஆர்., சென்னை" என்று மட்டும் போட்டால் மகாபலிபுரம் வரை போய்விட்டுத் திரும்புவார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதை நான் பிரசாரமாகவே கணக்கில் எடுப்பதில்லை. இருநூறு பேர் உள்ள குழுவில் கைதட்டும் பொம்மை முப்பது வரும், ஆள் இரண்டு வருவார்கள். அதைவிட, தினம் பத்துப் பேர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "அக்கா, போன வருஷம் நீங்க கேட்ட அந்த மீன் மார்க்கெட் படம் முடிஞ்சிடுச்சு, சனிக்கிழமை சுவத்துல இருக்கும், வந்து பாருங்க." இப்படி எழுதினால் அக்கா வருவார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார். இன்ஸ்டாகிராமில் முடிந்த படத்தைவிட முடியாத படத்துக்குத்தான் கவனிப்பு அதிகம், பாதி வரைந்த கேன்வாஸ், ஃப்ரேம் கடையில் பீடிங் சட்டம் வெட்டுவது, இவற்றை வாரம் இரண்டு போடலாம்.

பத்திரிகைக்கு ஒரு பக்கக் குறிப்பு. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, கூடவே பெரிய அளவு போட்டோ இரண்டு. முதல் பத்தியிலேயே யார், எங்கே, எப்போது, எதைப் பற்றிய படங்கள் என்று முடிந்துவிட வேண்டும். "மனித உணர்வுகளின் ஆழங்களைத் தேடும் பயணம்" என்றெல்லாம் எழுதாதீர்கள், அதை வைத்து நிருபர் என்ன செய்வார்? "காசிமேடு மீன் ஏலக் கூடத்தில் விடியற்காலை மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த 20 படங்கள்" என்றால் அவருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. பெரிய கட்டுரை வராவிட்டாலும் நாளிதழ்களின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் ஒரு வரி வர வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்து வருகிற ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஐந்து நிமிடம் நிற்பார்கள்.

மாட்டும் நாள்

இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் தூர நின்று பார்க்க. முதலில் எதையும் மாட்டாமல் எல்லாவற்றையும் சுவரோரம் தரையில் சாய்த்து வரிசையை மாற்றி மாற்றிப் பாருங்கள், இதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

உயரத்துக்கு ஒரு வாய்ப்பாடு. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்க வேண்டும். நான் 57 வைக்கிறேன். படம் 36 அங்குல உயரம் என்றால் பாதி 18, கூட்டினால் 75. பின்னால் உள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்புக்குக் கீழே 4 அங்குலத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதைக் கழித்தால் 71. ஆணி 71 அங்குலத்தில். பெரிய படம், சின்னப் படம் எதுவாக இருந்தாலும் நடுக்கோடு ஒன்றாக இருக்கும், மேல் விளிம்பு ஒன்றாக இருக்காது, அதுதான் சரி. இப்போது ரசமட்டத்தை எடுங்கள். சில கேலரிகளில் மேலே தண்டவாளம் போட்டு நைலான் இழையில் தொங்கவிடுவார்கள், அங்கே ஆணி அடித்தால் திட்டு விழும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறதா என்று உங்கள் உயரத்தில் மட்டும் பார்க்காமல், குனிந்து குட்டையானவர் உயரத்திலும் பாருங்கள். பெயர்ச்சீட்டு படத்தின் வலதுபக்கம் கீழே: தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு.

திறப்பும் அடுத்த நாள்களும்

சுண்டலும் ஃபில்டர் காபியும் போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், பஜ்ஜி தின்ற கை நேராகக் கேன்வாஸுக்குத்தான் போகும். குத்துவிளக்கு வைத்தால் அந்த ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்த ஒரு ஆளைச் சொல்லிவையுங்கள். பேசுகிறவர் ஒருவர், பத்து நிமிடம்.

மற்ற நாள்களில் படத்தின் பக்கத்தில் போய் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கி உட்காருங்கள், ஒரே படத்துக்கு அவர் இரண்டாவது முறை திரும்பி வந்தால் அப்போது எழுந்து போகலாம். "கடைசி விலை என்ன?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், எவ்வளவு குறைப்பீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள், என் கணக்கு இரண்டு படமாக எடுத்தால் மட்டும் 10 சதவீதம். பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதாது, அட்வான்ஸ் வந்த பிறகுதான் விற்றாயிற்று என்று காட்டும் சிவப்புப் பொட்டைப் பெயர்ச்சீட்டில் ஒட்ட வேண்டும். விற்ற படத்தைக் கண்காட்சி முடிந்த பிறகு தருவதாக ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். கருத்து நோட்டில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் போட்டுவையுங்கள், "அருமை, வாழ்த்துகள்" என்பதைவிட அந்தக் கட்டம்தான் அடுத்த கண்காட்சிக்கு உதவும்.

கழற்றும் நாள்

பட்டி, உப்புத்தாள், கொஞ்சம் வெள்ளை டிஸ்டெம்பர், சின்னப் பிரஷ். கேலரியின் வெள்ளை எந்த வெள்ளை என்று முன்பே கேட்டுவையுங்கள், இல்லையென்றால் சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கமிஷன் கணக்கை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏணியை எடுத்த இடத்தில் வையுங்கள். அப்புறம், அடுத்து மாட்டப் போகிறவர் யார், எந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏணியைப் பிடித்தவர் அவராகத்தான் இருக்கும், அன்று காலை ரசமட்டத்தோடு நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.