பழைய மதில்தோட்டத்தை இளைஞர் பயிற்சித் தோட்டமாக்க அனுமதி வாங்குவது எப்படி?

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கும் மேலான செங்கல் மதிலுக்குள், முட்செடி மண்டிக் கிடக்கும் காய்கறித் தோட்டங்கள் நிறைய உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு வேலைக்கு ஆள் இல்லாமல் பல கைவிடப்பட்டன. அப்படி ஒன்றைச் சீர்செய்து, பள்ளியை விட்டு வந்து அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்குத் தோட்டவேலையும் கொத்துவேலையும் கற்றுக்கொடுக்க நாங்கள் சிலர் இறங்கினோம். வேலையை விட, அனுமதி வாங்குவதில்தான் திணறிப்போனோம். முதல்முறை இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு, இது இங்கிலாந்துக்கு மட்டும்.

1. படிவத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுவரைப் பாருங்கள்

ஒரு அரை நாள் ஒதுக்கி, கேமராவோடு மதிலை உள்ளும் புறமும் சுற்றி வாருங்கள். வெயில் விழும் பக்கத்தில் கையை வைத்துத் தடவினால் செங்கல் இடுக்குகளில் துருப்பிடித்த ஆணிகளும் ஆணித் துளைகளும் வரிசையாகத் தட்டுப்படும். பேரி, பீச் மரக் கிளைகளைத் துணிக் கிழிசலால் சுற்றி ஆணியடித்து சுவரோடு படரவிட்ட அடையாளம் அது. சில மதில்களுக்குள் புகைப்பாதையே இருக்கும். வசந்த காலப் பனியில் பூ கருகாமல் இருக்க அடியில் நெருப்பு மூட்டிச் சுவரைச் சூடாக்குவார்கள். எல்லாவற்றையும் படமெடுத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால், அனுமதி தரும் உள்ளாட்சியான கவுன்சில் கேட்கும் ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்டில், அதாவது இடத்தின் பாரம்பரிய மதிப்பை விளக்கும் அறிக்கையில், பாதி இதிலேயே முடிந்துவிடும்.

2. மதில் பட்டியலில் இருக்கிறதா?

பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளத்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் மதிலின் பெயர் இல்லையே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மாளிகை பட்டியலில் இடம்பெற்றிருந்து, அதன் வளாகத்துக்குள் மதில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கிறது என்றால், சட்டப்படி அதுவும் பட்டியலில் சேர்ந்ததுதான். அப்போது கட்டுவதற்கும் பயன்பாட்டை மாற்றுவதற்குமான திட்ட அனுமதியோடு (பிளானிங் பெர்மிஷன்), பட்டியல் கட்டட ஒப்புதலும் (லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்) தனியாக வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அது இல்லாமல் மதிலின் தன்மை மாறும்படி கை வைத்தால் கிரிமினல் குற்றம்.

எங்களோடு இருந்த ஒருவர், ஆசையாக, ஒரு சனிக்கிழமை சிமெண்டு மூட்டையோடு வந்துவிட்டார். பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி இடுக்கு வழியாக வெளியே விடும். இடுக்கைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கலிலேயே தங்கி, உறைபனியில் முகப்பு பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும், விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள்.

3. எதற்கு அனுமதி, எதற்கு வேண்டாம்

காய்கறி, பழம் பயிரிட அனுமதி தேவையில்லை, சட்டத்தில் அது விவசாயம். வகுப்பறை, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் இடிந்து கிடந்தால் அதைத் திரும்பக் கட்டுவது இதற்கெல்லாம் வேண்டும். பயிற்சி மையம் என்று ஆனால் நிலத்தின் பயன்பாடே மாறுகிறது, சட்டம் நிலப் பயன்பாட்டைப் பிரிக்கும் வகைகளில், கல்விக்கான எஃப்1 வகையில் அது வரும்.

4. விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை

கவுன்சிலுக்குப் பணம் கட்டி இதைக் கட்டாயம் செய்யுங்கள். முடிந்தால் பாரம்பரியக் கட்டட அதிகாரியைத் தோட்டத்துக்கே வரவழையுங்கள். கண்ணாடிக் கூடத்தைப் பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டலாமா, கழிப்பறையை மதிலுக்கு வெளியே வைக்கலாமா என்று நேரில் கேட்பதும் தாளில் கேட்பதும் ஒன்றல்ல.

5. வௌவால்

மதிலை ஒட்டிய பழைய கொட்டகைகளில் வௌவால் தங்கும். எல்லா வகை வௌவாலும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்தி நேரத்தில் அவை வெளியேறுவதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. குளிர்காலத்திலேயே ஆய்வாளரைப் பேசி வையுங்கள். 2024 முதல், இடத்தின் பல்லுயிர் வளத்தை முன்பிருந்ததை விட 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. விலக்குகளும் உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. காகிதங்கள்

விண்ணப்பத்தை பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாக அனுப்பலாம். இட வரைபடம் 1:1250 அல்லது 1:2500 அளவில் இருக்க வேண்டும், அதில் இடத்தின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு பொதுச் சாலை வரை போக வேண்டும். எங்கள் கோடு தோட்டத்துக் கதவோடு நின்றுவிட்டதால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. நிலம் உங்களுடையது இல்லையென்றால் உரிமையாளருக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்து, அப்படிக் கொடுத்ததை உறுதிசெய்யும், விண்ணப்பத்தில் உள்ள சான்றிதழ் பி-யில் கையெழுத்திட வேண்டும்.

7. பிள்ளைகளைப் பற்றி எப்படி எழுதுவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். "இளைஞர் வாழ்வு மலரும்" என்று ஒரு பக்கம் எழுதினால் அதிகாரியால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாரம்பரியத்துக்குச் சிறு பாதிப்பு இருந்தால், அதைப் பொது நன்மையோடு எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது தேசியத் திட்டக் கொள்கை. எடைபோடக் கல் வேண்டுமே! வாரத்துக்கு எத்தனை பேர், எத்தனை நாள், என்ன தொழில் கற்பார்கள், மதிலை வருடாவருடம் யார் பராமரிப்பார்கள் என்று எழுதுங்கள். சக்கர நாற்காலி நுழைய வாசலை அகலப்படுத்த வேண்டுமா? ஏன் அந்த இடத்தில், எத்தனை செங்கல் எடுப்பீர்கள், எடுத்ததை எங்கே வைப்பீர்கள் என்பது வரை சொல்லுங்கள்.

8. அனுப்பிய பிறகு

அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல 21 நாள். முடிவு வர வழக்கமாக 8 வாரம், இடம் 1 ஹெக்டேரோ அதற்கு மேலோ என்றால் 13 வாரம். மினிபஸ் எங்கே நிற்கும், சத்தம் எத்தனை மணி வரை என்பதுதான் அக்கம்பக்கத்தாரின் கவலை. அதனால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னாடியே வீடு வீடாகப் போய்ப் பேசிவிடுங்கள்.

அனுமதி வந்தாலும் கீழே நிபந்தனைகள் இருக்கும், அவற்றை வரி விடாமல் படியுங்கள். எங்களுக்கு வந்த ஒன்று, மதிலில் ஒரு சிறு பகுதியை மட்டும் சுண்ணாம்புக் காரையால் பூசி மாதிரி காட்ட வேண்டும் என்பது. அதைப் பூசியது எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன். அதிகாரி வந்து, இடுக்கை நகத்தால் கீறிப் பார்த்து, நிறம் பழசோடு ஒத்துப்போகிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தார். இப்படியொரு நிபந்தனை இருந்தால் எழுத்தில் ஒப்புதல் வரும்வரை மீதிச் சுவரைத் தொடாதீர்கள். சுண்ணாம்பு உறைபனியில் பிடிக்காது. ஒப்புதல் குளிர்காலத்தில் கைக்கு வந்தால், சாரத்தை ஏப்ரலில் கட்டினால் போதும்.