பழைய பிக்கப் வாங்கலாமா? அடியில் குனிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்றுதான். காருக்கு அது சரியான கேள்வி. பிக்கப்புக்கு, அது எவ்வளவு சுமந்தது என்பதுதான் முக்கியம். அதைக் காட்டும் மீட்டர் எதுவும் கிடையாது. வண்டியின் அடிப்பகுதியைத்தான் கேட்க வேண்டும்.

1. உங்களுக்குப் பிக்கப் தேவையா?

மாதத்தில் எத்தனை நாள் பாரம் ஏற்றுவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றிரண்டு நாள்தான் என்றால் வாடகை வண்டி போதும். பாரம் இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் லேசாக இருக்கும். பள்ளத்தில் துள்ளும், ஈரச்சாலையில் வழுக்கும்.

2. கணக்குப் போடுங்கள்

வண்டியின் தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். வரம்பு 2,900 கிலோ, வண்டி 1,900 கிலோ என்றால் மிச்சம் 1,000 கிலோ. அதில் ஆட்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினாலே முந்நூறு கிலோவுக்கு மேல் போய்விடும். மீதிதான் சரக்குக்கு.

3. அடியில் பாருங்கள்

பாதி நேரத்தை இதற்கே செலவிடுங்கள். டார்ச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். பெரும்பாலான பிக்கப்புகள் ஏணி போன்ற சேசிஸ் (இரும்பு அடிச்சட்டம்) மேல் நிற்பவை. மேலாகப் படிந்த துரு பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ, செதில் உதிர்ந்தாலோ அந்த இடம் அரித்திருக்கிறது. பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதியில் சேறு தங்கும், அங்கே விடாமல் பாருங்கள்.

நான் முதன்முதலில் பார்க்கப் போன வண்டியின் அடிப்பகுதி புத்தம் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளத்தது. எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்தேன்! கூட வந்த மெக்கானிக் ஓரிடத்தில் சுரண்டினார். பெயிண்டோடு இரும்பும் பெயர்ந்து வந்தது.

அப்புறம் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங். பெரும்பாலான வண்டிகளில் வெறும் வண்டியாக நிற்கும்போது அது கொஞ்சம் வளைந்திருக்க வேண்டும். தட்டையாகிவிட்டிருந்தாலோ, ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ அதிக பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். புதிதாகக் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின் தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் தூக்கிப் பாருங்கள். அதன் அடியில் தண்ணீர் தேங்கித்தான் துரு பிடிக்கும்.

4. குளிர்ந்த இன்ஜின்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? எதையோ மறைக்கத்தான் முன்பே ஓட்டியிருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும்.

5. ஓட்டுங்கள்

மேட்டில் உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இருந்தால், லோ கியர் உட்பட மண் தரையில் போட்டுப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம், பல வண்டிகளில் சக்கரங்களை இயக்கும் பாகங்கள் திருப்பத்தில் இறுகிக்கொள்ளும்.

6. காகிதமும் டயரும்

ஆவணத்திலுள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

7. முடிவு

கிளட்ச், டயர், பிரேக் எல்லாம் பேரம் பேசும் விஷயங்கள். செலவைக் கூட்டி, கேட்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சேசிஸ் அரித்திருந்தால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். உங்கள் மெக்கானிக் வந்து பார்க்கக் கூடாது என்று விற்பவர் சொன்னாலும் அப்படித்தான்.