செப்படி வித்தை: எதற்குச் சொல்லலாம், எதற்குக் கூடாது

கொடைக்கானல் தூண்பாறைக்குப் போனால் சில நாள் பாறையே இருக்காது. சுமார் 400 அடி உயரத் தூண்கள் மூன்றும் மேகத்துக்குள். கண்முன்னே வெறும் வெள்ளை. ஒருமுறை பக்கத்தில் நின்றவர், "என்னங்க இது, செப்படி வித்தையா இருக்கு!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொல் தப்பு.

செப்பு என்றதும் பலர் 'சொல்லுதல்' என்று எடுத்துக்கொண்டு, பேசியே ஏமாற்றுவது என்று விளக்கம் தருகிறார்கள். தாமிரம் என்பவர்களும் உண்டு. இங்கே செப்பு என்பது சின்னச் சிமிழ். 'செப்பின் புணர்ச்சிபோல்' என்று 887ஆம் குறள் சொல்வது சிமிழும் மூடியும் பொருந்தியிருப்பதைத்தான். பிள்ளைகள் சோறாக்கி விளையாடும் சொப்புச் சாமானும் இதே செப்புதான்.

வித்தைக்காரர் சிமிழ்களைக் கவிழ்த்து வைப்பார். ஒன்றைத் தூக்கி உருண்டையைக் காட்டுவார், மூடுவார், மறுபடி தூக்கினால் காணோம். மூடும்போதே அது விரலிடுக்குக்குப் போயிருக்கும். நாம் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மற்ற கையை. ஆக, செப்படி வித்தைக்குக் கை வேண்டும். மேகத்துக்கு ஏது கை? அதைக் கண்கட்டு வித்தை என்றால் பொருந்தும். (வித்தைக்காரர் தன் கண்ணைக் கட்டிக்கொள்வதால் வந்த பெயர் என்று நினைக்காதீர்கள். கட்டுப்படுவது பார்க்கிறவர் கண்.)

செப்படியா, செப்பிடுவா என்று சண்டை வேண்டாம். இரண்டும் வழக்கில் உண்டு.

பில்லி சூனியத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். இதில் மந்திரமே கிடையாது, விரல் பழக்கம் மட்டும். சித்தர்களின் அற்புத ஆற்றலான சித்தோடு குழப்பினால்தான் வம்பு. கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் முருகனான குழந்தை வேலப்பர் சிலையைச் செய்தது போகர் சித்தர் என்பது ஊர் நம்பிக்கை. அங்கே போய் அவருடைய சித்தைச் செப்படி வித்தை என்று சொல்லிப் பாருங்கள்! அணிமா (அணுவளவு சிறிதாவது) முதலான எட்டு ஆற்றல்களும் சித்து. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் 'சித்து வேலை' என்று சேர்த்துச் சொன்னால் பேச்சில் அதுவே ஏமாற்று வேலையாகவும் ஆகிவிடும், கவனம்.

அப்புறம் இந்தச் சொல்லுக்குச் சரியான இடம்தான் எது? ரோட்டோரம் ஒருமுறை மலைப்பூண்டு வாங்கினேன், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. மேலே இருந்ததை முகர்ந்து பார்த்தேன், நல்ல காரம். வீட்டில் வந்து பையைக் கொட்டினால் பாதிக்குமேல் வடக்கிலிருந்து லாரியில் வரும் சாதாரணப் பூண்டு. அது சுத்தமான செப்படி வித்தை. அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது தராசு முள்ளை.