கொப்பியும் அடிமட்டமும்: மலையக மாணவர் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குள் நுழைவது எப்படி?

உயர்தரம் எழுதிவிட்டு, காட்டுயிர் பாதுகாப்பில் வேலை தேட என்ன செய்யலாம் என்று தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. இலாப நோக்கற்ற அமைப்பொன்றை நடத்துபவன் என்ற முறையில், அவர்கள் இதுவரை எதையேனும் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.

ஆகவே முதற்படியாக ஒரு கொப்பி, பென்சில், அடிமட்டம் மூன்றையும் வாங்குங்கள். பேனா மை எங்கள் மழைக்குத் தாங்காது. பீலிக்கரைச் சேற்றிலோ தேயிலை மலைப் பாதையிலோ கால்தடம் கண்டால், பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து நேர்மேலிருந்து படம் எடுங்கள். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் அதன் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி விழாது. நாயின் தடத்தில் விரல்களுக்கு முன்னால் அது தெரியும். திகதி, நேரம், தேயிலை மலையின் இலக்கம், முந்திய இரவு மழை பெய்ததா என்பவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். உறுதியில்லாவிட்டால் ‘சந்தேகம்’ என்றே குறியுங்கள். அப்படி எழுதத் துணிபவரின் பதிவையே நான் நம்புவேன். தடத்தைப் பின்தொடர்ந்து தனியே போகாதீர்கள்.

அடுத்ததாக, வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து பறவைகளை எண்ணி, இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதியுங்கள். நுவரெலியாவுக்கு அருகில் இருப்பவர்களுக்கு விக்டோரியா பூங்கா நல்ல பயிற்சிக்களம். வலசைக் காலத்தில் ஆறுமணிக்குருவியை அங்கே காணலாம்.

பட்டப்படிப்புக்கு விலங்கியலும் தாவரவியலும் நேர்வழி. எனினும் கணக்கியலோ சட்டமோ படித்தவர்களும் எங்களுக்குத் தேவை.

மொழியறிவு ஏன் தேவை என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் லக்சபான தோட்டப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கி மீட்கப்பட்ட கருஞ்சிறுத்தை, சில நாட்களில் இறந்துபோனது. இத்தகைய சுருக்குகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கிறார்கள். வைப்பவர், ஒரே இரவில் மரக்கறிப் பாத்தி முழுவதையும் பன்றியிடம் இழந்த உங்கள் அயலவராகவும் இருக்கலாம். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவரது நட்டத்தைத் தமிழில் பொறுமையாகக் கேட்டறிந்து, அதை வனஜீவராசிகள் அதிகாரிக்குச் சிங்களத்திலும் நிதி வழங்குவோருக்கு ஆங்கிலத்திலும் எடுத்துரைக்கக்கூடியவர்கள் இத்துறையில் மிகக் குறைவு. லயத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்த முதற்பாதி ஏற்கெனவே கைவந்தது. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இப்போதே கற்கத் தொடங்குங்கள்.

கடைசியாக, தன்னார்வப் பணியில் சேருமுன் பயணச்செலவு யாருடையது, காப்புறுதி உண்டா, எத்தனை மாதம் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முடிவுத் திகதியில்லாத சம்பளமற்ற வேலையை, வீட்டில் ஒருவரின் நாட்சம்பளத்தை நம்பியிருக்கும் பிள்ளை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடித்து, கொப்பியின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.